கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

மருத்துவ மேற்படிப்பில் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களுக்கும், மருந்துப் பரிசோதனைகளில் கோஆர்டினேட்டராக வேலை பார்ப்பவர்களுக்கும், படிவக் கட்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் கள ஆய்வாளர்களுக்கும்,



நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில், நீங்கள் எத்திக்ஸ் கமிட்டி என்று சொல்வீர்களே அதில், பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி இப்படிப்பட்ட குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மருத்துவத் துறைக்கு வெளியே உள்ள சாதாரண ஆளாக இருக்க வேண்டும். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கோப்புகள் கைக்கு வந்தால் நான் பின்னாலிருந்து புரட்டுவேன். மாதிரி அளவு எப்படிக் கணக்கிட்டீர்கள், எந்தப் புள்ளியியல் சோதனை போட்டீர்கள் என்பதையெல்லாம் பார்க்க என்னைவிடத் தகுதியானவர்கள் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். எனக்குரிய பக்கம் கடைசியில் இருக்கிறது. ‘பங்கேற்பாளர் கருத்துப் படிவம்’ என்று தலைப்பு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், ‘மிகவும் திருப்தி’ தொடங்கி ‘சிறிதும் திருப்தி இல்லை’ வரை. அடியில் இரண்டு கோடுகள் இழுத்து, ‘வேறு ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?’

ஆய்வு நடந்து முடிந்த கோப்புகளில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். எல்லா டிக்கும் முதல் கட்டத்தில். ஒரே பேனா, ஒரே சாய்வு. சிலவற்றில் தனித்தனி டிக் கூட இல்லை. மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்திருக்கிறது. நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஊதா மையில் கைநாட்டு. அதற்கு மேலே, ‘வேறு ஏதேனும்’ என்ற கேள்விக்கு நேரே, ‘இல்லை’ என்ற ஒரு சொல், கோத்து எழுதிப் பழகிய கல்லூரிக் கையெழுத்தில்.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. காலையில் ஓ.பி., பிற்பகலில் வார்டு, இரவில் டியூட்டி, நடுவில் தீசிஸ் என்று ஓடும் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். கையில் இருக்கும் நாலு நிமிடத்தில் அந்தப் பக்கத்தை முடித்துக் கோப்பில் கோத்தால் போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கோப்பின் மற்ற எல்லாப் பக்கங்களிலும் நாம் பங்கேற்பாளரின் ரத்தத்தைப் பற்றி, சிறுநீரைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, மலச்சிக்கலைப் பற்றி அவரைக் கேட்கிறோம். நாம் எப்படி நடந்துகொண்டோம் என்று அவர் சொல்லும் இடம் இது ஒன்றுதான். அதையும் நாமே நிரப்பிவிட்டால் அவர் தரப்பு என்று கோப்பில் எதுவும் மிஞ்சாது.

புதிய மருந்து மூலக்கூறுகளைச் சோதிக்கும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவுசெய்ய வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பங்கேற்பாளர் வந்து போகும் மாதங்களுக்கு எந்தக் கேமராவும் இல்லை. உலக மருத்துவச் சங்கம் 1964இல் வெளியிட்ட ஹெல்சிங்கி பிரகடனத்தை 2024இல் திருத்தியபோது, ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் பங்கேற்பாளர்களோடும் அவர்கள் சமூகத்தோடும் உண்மையான தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள். ‘நடக்கும்போதும், முடிந்த பின்னும்’ என்பதை நிறைவேற்ற நம் கையில் இருக்கும் மிக எளிய கருவி அந்தக் கடைசிப் பக்கம்தான்.

எல்லோரும் ‘மிகவும் திருப்தி’ என்கிறார்களே, உண்மையிலேயே திருப்தியாக இருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். அரசு மருத்துவமனை வரிசையில் மணிக்கணக்காக நின்று பழகியவருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்து இரத்த அழுத்தம் பார்க்கும் ஆய்வு அறை பெரிய மரியாதையாகத் தெரியும். அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் நன்றியுள்ளவர் குறை சொல்ல மாட்டார். வகுப்பில் பாடம் நடத்தி முடித்துவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் ‘புரிந்தது டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். யாருக்குப் புரியவில்லை என்பது பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும். கேட்பவர் யார் என்பது பதிலை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956இல் அது ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தின. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். நெருக்கடியான வீடுகளில், குறைந்த சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டிருந்த சென்னை நோயாளிகள் ஓராண்டு வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டு, சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகக் குணமாகலாம் என்று 1959இல் அந்த மையம் காட்டியது. கூட இருக்கும் குடும்பத்தாருக்கு அதனால் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வில் நான் நினைத்துப் பார்ப்பது இன்னொரு விஷயத்தை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று நோயாளியைக் கேட்டால் ‘சாப்பிடுகிறேன்’ என்பார். அதை மட்டும் நம்பாமல், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். வாய் சொன்னதும் சிறுநீர் சொன்னதும் பல சமயம் ஒத்துப்போகவில்லை. அந்த மையத்தில் இருந்த வாலஸ் ஃபாக்ஸ் 1958இலேயே, நோயாளி தானாக மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கண் முன்னால் மருந்து கொடுக்கும் முறைக்கு அங்கிருந்துதான் பாதை போகிறது. மருத்துவம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், நோயாளியைக் கண்காணிக்க வேண்டும் என்பது. அதே நிகழ்ச்சியில் கருத்துக் கேட்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. மருந்து கொடுப்பவரே, சரியான விடை எது என்று எல்லோருக்கும் தெரிந்த கேள்வியைக் கேட்டால், அந்தச் சரியான விடைதான் வரும். மாத்திரையாவது சிறுநீரில் தெரிந்துவிடுகிறது. அவமானப்பட்டதும், பயந்ததும், கூலி போனதும் எந்தச் சோதனைக் குழாயிலும் தெரியாது. ஆகவே கேட்கும் முறையைத்தான் மாற்றியாக வேண்டும்.

நீரிழிவு ஆய்வு ஒன்றில் சேர்ந்திருந்த ஓர் அம்மாவோடு ஒருமுறை ஓ.பி. வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தேன். கட்டட வேலைக்குப் போகிறவர். படிவத்தில் எல்லாம் முதல் கட்டம். பேச்சுவாக்கில் சொன்னார்: வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள்; எடுக்கும்போது பத்தரை ஆகும்; அதற்குள் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். அன்றைக்குக் கூலி போச்சு. பஸ் காசு அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ‘இத்தனை தடவை ரத்தம் எடுத்தாங்களேம்மா, சர்க்கரை இறங்கிச்சா ஏறிச்சான்னு ஒருத்தரும் சொல்லலை.’ இதையெல்லாம் அந்தப் படிவத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘அந்தப் பாப்பா தங்கமான பொண்ணும்மா. அதுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?’ என்றார். அந்தப் பாப்பா என்பது கோஆர்டினேட்டர். தன் கூலியைவிட அந்தப் பெண்ணின் வேலை அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இந்த அம்மாவைப் போன்றவரிடமிருந்து உண்மை வர வேண்டுமானால், முதலில், ஊசி போட்ட கையே படிவத்தை நீட்டக் கூடாது. அதே அறையிலும் நீட்டக் கூடாது. ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர், சமூகப் பணியாளரோ பக்கத்துத் துறையில் இருக்கும் மாணவரோ, மரத்தடியிலோ வராந்தாவிலோ உட்கார்ந்து கேட்கட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதி, ஒட்டி, பெட்டியில் போடட்டும். அந்தப் பெட்டியின் சாவி உங்கள் துறையில் இருக்க வேண்டாம். படிவத்தின் மூலையில் ஆய்வு வரிசை எண்ணை எழுதிவிட்டு, ‘உங்கள் பெயர் தேவையில்லை, தைரியமாகச் சொல்லுங்கள்’ என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும், பல சமயம் அவருக்கும் தெரியும். எண் வேண்டுமென்றால் எதற்கு என்று அவரிடமே சொல்லி, அவர் சம்மதித்தால் எழுதுங்கள். காசநோய், எச்.ஐ.வி. போன்ற ஆய்வுகளில் தபாலிலோ வாட்ஸாப்பிலோ படிவம் அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் தபாலைப் பிரிப்பார்கள், யார் கையில் போன் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, எப்போது கேட்பது. நாம் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி விசிட்டில், பயணப்படி கொடுக்கும் மேசையில் கேட்கிறோம். அந்த நேரத்தில் அவருக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அதைவிட முக்கியம், அப்போது அவர் என்ன சொன்னாலும் அவருக்குப் பயனில்லை. டிரான்ஸ்செலரேட் என்று, மருந்துக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று இருக்கிறது. பங்கேற்பாளர் கருத்துக்காக அவர்கள் தயாரித்த வினாத்தாள் மூன்று துண்டுகளாக வருகிறது: ஆய்வில் சேர்ந்ததும் ஒன்று, பாதியில் ஒன்று, முடிவில் ஒன்று. கம்பெனிகளின் நோக்கத்தைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடு சரியானது. நடுவில் கேட்டால்தான் ஏழு மணி ரத்தத்தை ஏழரைக்காவது எடுக்க வழி பிறக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கடைசி விசிட் வரை வந்தவர்களிடம்தான் கருத்துக் கேட்கிறோம். பாதியில் நின்றவர்கள் உங்கள் அட்டவணையில் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ என்று ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். சிலர் ஊர் மாறியிருப்பார்கள், சிலருக்கு உடம்பு தேறியிருக்கும், சிலர் ஒரு சொல்லால் மனம் நொந்து நின்றிருப்பார்கள், சிலரை மாமியாரோ கணவரோ தடுத்திருப்பார்கள். அவர்கள் ஆய்வை விட்டுப் போக முழு உரிமை உண்டு; காரணம் சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. அதனால் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ‘நடுவில் நிறுத்தினால் ஒரே ஒரு முறை போன் செய்து ஏன் என்று கேட்கலாமா?’ சரி என்றவரை மட்டும், ஆய்வுக் குழுவில் இல்லாத ஒருவர், ஒரே ஒரு முறை கூப்பிடட்டும். திரும்ப வரச் சொல்லிக் கெஞ்சவோ மிரட்டவோ அந்த அழைப்பைப் பயன்படுத்தக் கூடாது.

இனி கேள்விகள். என் வேலை மொழி என்பதால் இங்கே கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் ‘முழுவதும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன்’ என்று ஐந்து படியாகக் கேட்கும் பழக்கம் உலகமெங்கும் பரவியது. மனப்பான்மையை அளக்க அவர் கண்ட வழி அது. பல வாக்கியங்களுக்குக் கிடைக்கும் பதில்களைச் சேர்த்துக் கூட்டினால் ஓரளவு நம்பகமான அளவு கிடைக்கும் என்பது அவர் யோசனை. நாம் அதிலிருந்து ஐந்து கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லா வாக்கியமும் நம்மைப் புகழ்வதாகவே இருந்தால் ஆமாம் சாமி போடுகிறவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சிலவற்றை எதிர்மறையாகத் திருப்பிப் போடச் சொல்வார்கள். தமிழில் அப்படித் திருப்பும்போது, ‘நான் அதிக நேரம் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்படவில்லை என்பதுடன் உடன்படவில்லை’ என்று ஒரு முடிச்சு விழுகிறது. அறுபது வயதுப் பெரியவர் அதை அவிழ்ப்பதற்குள் களைத்துவிடுவார்.

என் யோசனை எளியது. திருப்தியைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். ‘காத்திருப்பு நேரம் குறித்து எவ்வளவு திருப்தி?’ என்பதற்குப் பதிலாக, ‘கடைசியாக வந்த அன்று எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்?’ என்று கேளுங்கள். ‘பயணப்படி முறையாக வழங்கப்பட்டதா?’ என்பதற்குப் பதிலாக, ‘போன தடவைக்கு எவ்வளவு தந்தார்கள், உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று?’ ‘ஆய்வு பற்றித் தெளிவாக விளக்கப்பட்டதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்பார். ‘ராத்திரி உடம்புக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?’ என்று கேளுங்கள். போன் எண்ணை எடுத்துக் காட்டினால் விளக்கியிருக்கிறீர்கள், பேந்தப் பேந்த விழித்தால் இல்லை. ‘வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் இங்கே வழக்கமான வைத்தியம் கிடைக்குமா?’ என்று கேளுங்கள். கிடைக்காது என்று ஒருவர் சொன்னாலும் அவர் ஒப்புதல் அன்றே செல்லாததாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன். நடந்ததைச் சொல்வது குறை சொல்வதாக யாருக்கும் படாது. அந்தக் கட்டட வேலை அம்மாவும் ஏழு மணி, பத்தரை மணி என்று தயங்காமல் சொன்னாரே, அதுபோலச் சொல்லிவிடுவார்கள்.

‘மருத்துவரும் செவிலியரும் உங்களை மரியாதையாகவும் பொறுமையாகவும் நடத்தினார்களா?’ என்று ஒரு கேள்வி பல படிவங்களில் இருக்கிறது. அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. டாக்டர் மரியாதையானவர், ஆனால் பொறுமை இல்லை, சிஸ்டர் நேர்மாறு என்றால் அவர் எந்தக் கட்டத்தில் டிக் போடுவார்? பிரியுங்கள். பிரித்தால் கேள்வி கூடும் என்றால் மற்றவற்றைக் குறையுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அடியில் விடும் இரண்டு கோட்டைப் பாதிப் பக்கமாக்குங்கள்; இரண்டு கோடு போட்டால் அதிகம் பேசாதே என்றுதான் படிப்பவருக்குப் படும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேரிடம் வாசித்துக் காட்டி, ‘இதில் என்ன கேட்கிறார்கள் என்று நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஒரு காலைப்பொழுது போதும். அதற்குள் பாதிக் கேள்விகள் மாறியிருக்கும்.

கேள்விகளை யார் முடிவு செய்வது என்பதிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரோண்டா காஸ்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், ஆய்வுகளில் பங்கேற்றவர்களை முதலில் குழுக்குழுவாக உட்கார வைத்து, உங்களுக்கு எது முக்கியமாகப் பட்டது என்று பேசவிட்டார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் கேள்விகளை எடுத்தார்கள். படிவத்தை அனுப்பியதும் ஆய்வாளர்கள் இல்லை, வெளி நிறுவனம் ஒன்று தபாலில் அனுப்பியது. அமெரிக்காவின் 15 ஆராய்ச்சி மையங்களில் கிட்டத்தட்ட 5,000 பேர் பதில் எழுதினார்கள். 2013இல் முடிவுகள் வெளிவந்தன. ஆய்வில் சேரச் சொல்லி யாராவது அழுத்தம் கொடுத்தார்களா, ஒப்புதல் படிவத்தில் படித்ததும் பிறகு நடந்ததும் ஒன்றாக இருந்தனவா என்றெல்லாம் அதில் நேராகக் கேட்டிருந்தார்கள். அனுப்பியவற்றில் மூன்றில் ஒரு பங்கு கூடத் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதில் எழுதாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அவர்களோடு போயிற்று. நம் ஊர்ப் படிவங்கள் நூற்றுக்கு நூறு திரும்பி வருகின்றன. அந்த நூறைப் பார்த்து நாம் பெருமைப்படக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

படிவத்தால் முடியாதவையும் உண்டு. ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1970களில் நம் வட ஆர்க்காடு கிராமங்களில் பசுமைப் புரட்சி பற்றி நடந்த ஆய்வில் பங்கெடுத்தவர். 1983இல் அவர் எழுதிய ‘ரூரல் டெவலப்மென்ட்: புட்டிங் தி லாஸ்ட் ஃபர்ஸ்ட்’ என்ற நூலில், நீண்ட வினாத்தாள்கள் ஆய்வாளரையே அடிமையாக்கிவிடுகின்றன, சேர்த்த தகவலில் பெரும்பகுதி அலசப்படாமலே கிடக்கிறது என்று கண்டித்தார். பின்னாளில் அவரும் தென்னிந்தியத் தொண்டு நிறுவனங்கள் பலவும் பரப்பிய முறைகளில் விதைகளை வைத்து எண்ணச் சொல்வதும் ஒன்று. எழுத்து வாசனை இல்லாத பெண்கள் குழுவாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் இதைச் செய்து பாருங்கள். தரையில் நாலு வட்டம் போடுங்கள்: காத்திருப்பு, செலவு, வலி, மரியாதைக்குறைவு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது அதிகம் சிரமப்படுத்தியதோ அதில் அதிகம் வையுங்கள் என்று சொல்லுங்கள். வைக்கும்போதே பேச்சு வரும். ‘ஏண்டி அதுல அஞ்சு வெக்கிற?’ என்று ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி விளக்குவாள். உங்கள் தீசிஸுக்கு வேண்டிய விஷயம் அந்த விளக்கத்தில் இருக்கிறது. அதை எழுதிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் எல்லோர் முன்னாலும் வைக்க முடியாத கொட்டைகளும் உண்டு, கை மேலே பட்டது, சாதி கேட்டது போன்றவை. அவற்றுக்குத் தனியாக ஒரு வழி, ஒரு பெண் உறுப்பினரின் போன் எண்ணாவது, இருந்தே ஆக வேண்டும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பதிலை வாங்கியவர் அன்றே படிக்க வேண்டும்.

மருந்துப் பரிசோதனையில் பங்கேற்பவருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், எங்கள் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அதுவும் கடுமையான பாதிப்புதான். ‘நடுவில் ஒரு நாள் மயக்கம் வந்து பக்கத்து நர்சிங் ஹோமில் ரெண்டு நாள் இருந்தேன்’ என்பதை உங்கள் கேஸ் ஷீட்டில் சொல்லாமல், கருத்துப் படிவத்தின் அடியில் ஒருவர் எழுதலாம். அல்லது படித்துக் காட்டுபவரிடம் போகிற போக்கில் சொல்லலாம். அந்தப் படிவம் ஆய்வு முடியும் வரை பீரோவில் தூங்கினால், அதே மருந்தைச் சாப்பிடும் அடுத்தவருக்கு வரப்போகும் மயக்கமும் அதே பீரோவில் தூங்குகிறது. நஷ்ட ஈடு கேட்கும் அவர் உரிமையும் அதோடு போகிறது. கருத்துப் படிவத்தைக் கேட்பவருக்கு எதை உடனே மேலே சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுங்கள். படித்தவர் யார், என்றைக்குப் படித்தார் என்று ஒவ்வொரு தாளிலும் தேதியோடு கையெழுத்து இருக்கட்டும். ஒரே நாளில் மொத்தமாகப் போட்ட கையெழுத்து பார்த்தாலே தெரியும்.

படித்த பிறகு, பதில் சொல்லுங்கள். இங்கிலாந்தில் தேசிய உடல்நல, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களிடம் ஒரு கருத்தறிக்கை வாங்குகிறது. ஆய்வாளர்கள் மரியாதையாக நடத்தினார்களா, மறுபடியும் ஓர் ஆய்வில் சேர்வீர்களா என்பவற்றோடு, ‘இந்த ஆய்வின் முடிவு எனக்கு எப்படித் தெரியவரும் என்று எனக்குத் தெரியும்’ என்பதும் அதில் ஒரு வாக்கியம். ராக்கஃபெல்லர் குழுவினருக்குப் பதில் எழுதியவர்களும், இன்னொரு ஆய்வில் சேர்வதைப் பற்றி யோசிக்கும்போது முடிவுகளின் சுருக்கம் கையில் கிடைப்பதை முக்கியமாகச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, பரிசோதனை முடிந்து ஓராண்டுக்குள் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் முடிவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். இங்கே நீங்கள் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு தாள் தமிழில் அடித்துக் கையில் கொடுங்கள்: உங்களை இதற்காகக் கேட்டோம், இது தெரிந்தது, இது தெரியவில்லை, நீங்கள் காத்திருப்பைப் பற்றிச் சொன்னீர்கள், அதனால் ரத்தம் எடுக்கும் நேரத்தை இப்படி மாற்றினோம், பயணப்படியைப் பற்றிச் சொன்னீர்கள், அதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை, காரணம் இது. முடியாததையும் எழுதுங்கள். அடுத்த முறை அவர்கள் உண்மை சொல்வார்கள்.

சொன்னதைக் கேட்க ஆளில்லாதபோது மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் சான் மக்கள் ஓர் உதாரணம். காலங்காலமாக ஆய்வாளர்கள் வந்து அளந்து, படமெடுத்து, ரத்தமும் எச்சிலும் வாங்கிப்போன பழங்குடிச் சமூகம் அது. 2010இல் நமீபியாவைச் சேர்ந்த சான் முதியவர்களின் மரபணு வரிசை வெளியானபோது, தங்கள் சமூகத் தலைவர்களைக் கலந்துகொள்ளவில்லை, கட்டுரையோடு வெளியான சில செய்திகள் தங்களைப் புண்படுத்துகின்றன என்று சான் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள். 2017இல் அவர்களே தங்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நெறிமுறைக் கோவையை வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகிய நான்கையும் ஆய்வாளர்களிடம் எதிர்பார்ப்பதாக அதில் எழுதினார்கள். ஆய்வு செய்ய விரும்புபவர் இனி அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும். நம் இருளர் குடியிருப்புகளிலும், நீலகிரியிலும், மீனவர் குப்பங்களிலும் ஆண்டுதோறும் படிவத்தோடு போய் வருகிறவர்கள் அந்தக் கோவையை ஒருமுறை முழுவதும் படியுங்கள். சில பக்கங்கள்தான்.

அடுத்த கூட்டத்துக்குத் திட்டம் கொண்டுவருபவர்களுக்கு என் தரப்பிலிருந்து முன்னறிவிப்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள். கருத்துப் படிவத்தைக் கடைசியில் இணைப்பாக ஒட்ட வேண்டாம். ஒப்புதல் படிவத்துக்கு அடுத்து வையுங்கள். அதை யார் கேட்கப்போகிறார்கள், அன்றே யார் படிக்கப்போகிறார்கள், பாதியில் நின்றவரை எப்படிக் கேட்பீர்கள், பங்கேற்றவர்களுக்கு எந்த மாதத்தில் பதில் போகும் என்று நான் கேட்பேன். பயணப்படி பட்டியலையும் கேட்பேன். தமிழில் கேள்விகளை அமைக்க உதவி வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்னாலேயே குழுச் செயலரிடம் கொடுத்தனுப்புங்கள். வாரத்தில் எந்த நாள் காலையிலும் உங்களோடு ஓ.பி. வராந்தாவில் வந்து உட்கார்ந்து வாசித்துப் பார்க்க நான் தயார்.

அன்புடன்,
நெறிமுறைக் குழுவின் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் ஒருவர்